கடல் ஒதுக்கிய வெண்மணிகள்

புவியியல் பயிலும் மாணவனுக்கு அனர்த்தங்கள் பற்றிய பாடம் ஒரு கோட்டுடனேயே தொடங்குகின்றது. கோட்டின் ஒருபுறத்தே சூறாவளி, வெள்ளம், ஆழிப்பேரலை முதலிய இயற்கை அனர்த்தங்கள் நிற்கும். மறுபுறத்தே எண்ணெய்க் கசிவு, தொழிற்சாலை விபத்து முதலிய மனிதன் விளைவித்த அனர்த்தங்கள் நிற்கும். பரீட்சை மண்டபத்தில் இக்கோடு பெரிதும் பயன்படுவது உண்மையே. ஆயின், அம்மாணவன் ஏட்டை மூடி வைத்துவிட்டு இலங்கையின் கரையோரமாக நடந்து செல்வானாயின், மணலிற் கீறிய கோட்டை அலை அழிப்பது போல இக்கோடும் அழிந்துபோவதைக் காண்பான்.

1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளிக்கோ, 2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலைக்கோ எந்த மனிதனும் காரணன் அல்லன். எனினும், அவ்வலை எங்கே எவ்வளவு தூரம் உட்புகுந்தது என்று வினவுமிடத்து மனிதன் காட்சிக்குள் வந்துவிடுகின்றான். தென்மேல் கரையிலுள்ள ஹிக்கடுவைக்கும் பெரலியவுக்கும் இடையே சில கிலோமீற்றர் தூரமே உண்டு. முருகைக்கற்பார் பேணப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலையின் வேகம் தணிந்தது. சுண்ணாம்புக்காக முருகைக்கல் நெடுங்காலம் அகழப்பட்டு வந்த பெரலியவிலோ அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உட்சென்று, புகையிரதமொன்றைப் புரட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் காவுகொண்டது. கல்லை அகழ்ந்தோர் பெரும்பாலும் வேறு பிழைப்பற்ற ஏழைகள். அச்சுண்ணாம்பினால் எழுந்த சுவர்களோ பிறருடையவை.

இங்கு தவறும் தண்டனையும் ஏறக்குறைய ஒரே நாட்டுக்குள் அடங்கின. உலகமயமாக்கல் இவ்விரண்டையும் வெகுதூரம் பிரித்து வைத்துவிட்டது. அதனை உணர்த்த ஒரு கப்பலின் கதை போதும்.

2021 மே மாதத்தில், கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றியது. சிங்கப்பூர்க் கொடி தாங்கிய அது அவ்வாண்டிலேயே சேவையில் இறங்கிய புதுக் கப்பல். அதிலிருந்த 1,486 கொள்கலன்களில் ஏற்றப்பட்ட சரக்குகளுள் 25 தொன் நைத்திரிக்கமிலமும் ஒன்று. அமிலம் கசிவது கொழும்பை அடைவதற்குப் பல நாட்கள் முன்னரே தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராத் துறைமுகத்திலும் அக்கொள்கலனை இறக்க இடங்கிடைக்கவில்லை. உலகம் முழுவதையும் ஒரே சந்தையாக்கிய வணிகத்துக்குக் கசியும் பெட்டியொன்றை இறக்கி வைக்க ஒரு துறை அகப்படவில்லை. மே 20இல் தீ மூண்டது. 25இல் பெருவெடிப்பு நிகழ்ந்தது. யூன் 2இல் கப்பல் மூழ்கத் தொடங்கிற்று. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளை அக்கப்பல் சுமந்திருந்தது. அவை கடலிற் கொட்டுண்டு அலையோடு கலந்தன.

அது தென்மேல் பருவக்காற்று வலுக்கும் காலம். தீயை வளர்த்ததும் அக்காற்றே. மணிகளைக் கரையில் ஒதுக்கியதும் அக்காற்றே. பயிருக்கு மழை தரும் காற்று எங்கோ வார்க்கப்பட்ட பிளாஸ்ரிக்கையும் கொண்டுவந்து சேர்த்தது. இதனைக் கோட்டின் எப்பக்கத்தில் எழுதுவது?

பமுனுகமக் கரையில் மணலை மூடிக்கொண்டு வெண்மணிகள் குவிந்தன. ஒவ்வொன்றும் பருப்பளவே இருக்கும். வானத்தின் நிறங்கண்டு காற்றையும், நீரின் நிறங்கண்டு மீனையும் அறியும் மீனவன், அவற்றை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தபோது தலைமுறை தலைமுறையாக வந்த அவன் அறிவு அங்கே உதவவில்லை. களுத்துறை முதல் நீர்கொழும்பு வரை மீன்பிடி தடைசெய்யப்பட்டது. பெருந்தொற்றினால் ஏற்கெனவே ஒடுங்கியிருந்த வீடுகளில் அடுப்பு மேலும் தணிந்தது. தடை இல்லாத இடத்திற் பிடித்த மீனையும் வாங்குவோர் அஞ்சினர். இறந்த கடலாமைகள் நூற்றுக்கணக்கில் கரையொதுங்கின. கவச உடையணிந்த படையினர் மணலை வாரி மூடைகளிற் கட்டினர். ஆயினும் மணலை முற்றாகச் சலித்து முடிக்கும் சல்லடை எங்கும் இல்லை.

இழப்புக்குப் பொறுப்பாளி யார் என்ற வினா எழுந்தபோது கரை மேலும் தொலைவிற் போயிற்று. கொடி ஒரு நாட்டினது; சரக்கு பல நாட்டினது; வழக்கோ கடல் கடந்தும் நடந்தது. உரிமையாளரின் பொறுப்பை ஏறத்தாழ 19 மில்லியன் பவுணுக்குள் மட்டுப்படுத்த இலண்டன் நீதிமன்றம் 2023இல் இடமளித்தது. அங்கு கையாளப்படும் விதி கப்பலின் கொள்ளளவைக் கொண்டு பொறுப்பை அளப்பது. பாழான கரையின் நீளத்தைக் கொண்டு அளப்பதன்று. 2025 யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அத்தீர்ப்பு பெருமைக்குரியதே. எனினும், தீர்ப்பு ஏட்டில் எழுதப்படுவது வேறு. அதன் பயன் வலை காயும் முற்றத்தை அடைவது வேறு.

இதற்கிடையில் வடக்கிலும் கடல் ஒரு செய்தியை ஒதுக்கிவிட்டுச் சென்றது. 2025 மே 25இல் லைபீரியக் கொடி தாங்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் கேரளத்தின் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. சில வாரங்களுள் அதே போன்ற வெண்மணிகள் மன்னார்க் கரையில் ஒதுங்கின. அக்கப்பல் இலங்கைக்கு வந்துகொண்டிருந்ததுமன்று. அதில் மன்னார் மக்களுக்கு எதுவும் ஏற்றப்பட்டிருந்ததாகக் கூறுவாருமிலர்.

மன்னார்க் குடா ஒரு காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்றது. அம்முத்து யவனர் நாடு வரை சென்றது; போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனை நாடி வந்தனர். ஆளுநர் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பிற் கட்டுவித்த மாளிகையின் எச்சங்களைக் கடலரிப்பு இன்று சிறிது சிறிதாக அள்ளிச் செல்கின்றது. மூச்சடக்கி மூழ்கியவன் அன்றும் ஏழையாகவே இருந்தான். உலக வணிகம் இக்கரைக்குப் புதியதன்று. முன்னர் அது மணியை எடுத்துச் சென்றது. இன்று மணியைக் கொட்டிச் செல்கின்றது. பேர்ள் என்னும் சொல்லின் பொருளும் முத்து என்பதே.

பாடநூலில் இவையெல்லாம் ‘எடுத்துக்காட்டு’ என்னும் தலைப்பின் கீழ் அமையும். ஒரு பெயர், ஓர் ஆண்டு, இரண்டு காரணங்கள், மூன்று விளைவுகள் என மாணவன் அவற்றை மனனம் செய்வான். அதில் தவறில்லை. ஆயினும், ஓர் அனர்த்தத்தை இயற்கை விளைத்ததா மனிதன் விளைத்ததா எனப் பிரித்தெழுதி முடித்தபின், அதன் இலாபம் யாரிடம் சென்றது, அதன் சுமை யார் தோளில் இறங்கியது என்னும் இரு வினாக்களையும் அவன் எழுப்புதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடையெழுதாத புவியியல், கரையின் படத்தை வரையும். கரையில் நிற்பவனை வரையாது.