நான்காவது பங்கு

மூன்று தம்பிமாரின் காசில் ஏறக்குறைய ஒரு வருடம் நான் வாடகை கொடுக்காமல் குடியிருந்தேன். அவர்கள் என்னை அண்ணை என்று கூப்பிட்டார்கள். இதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் செய்தேன், அதை ரூபாவில் கணக்குப் பார்க்க முடியாது. முதலில் காசு.

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் பத்து வருடம் கழித்துப் பேராதனைக்கு வந்தபோது, எல்லா மாணவரும் உள்ளேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பதுதான் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் திட்டம். அருணாசலம், ராமநாதன், ஜயதிலக்க என்று விடுதிகள் எழுந்தன. இன்று மாணவர் தொகை பத்தாயிரத்துக்கு மேல். முதல் வருடம் கட்டில் கிடைக்கும், கடைசி வருடம் பெரும்பாலும் கிடைக்கும். இடையில் ஹிந்தகல, மீவத்துர, பெனிதெனிய என்று கேட் கேட்டாகத் தட்ட வேண்டியதுதான். எங்களுக்கு அகப்பட்டது கலஹா ரோட்டிலிருந்து ஹந்தானைப் பக்கம் ஏறும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்தட்டு. இரண்டு அறை, நாலு கட்டில், ஒரு குசினி மூலை. மாதம் 18,000 ரூபா. பேராதனை மாணவர்களை வைத்து 1969இல் ‘ஹந்தானே கதாவ’ என்று சிங்களப் படம் வந்தது, காதல் கதை. என் ஹந்தானைக் கதை ஒரு கணக்குக் கொப்பி.

வீட்டுக்காரம்மாவை எல்லோரும் ஆன்டி என்போம். விதவை, சிங்களம் மட்டுமே பேசுவார். தம்பிமாரில் ஒருவன் யாழ்ப்பாணம், ஒருவன் வாழைச்சேனை, ஒருவன் முல்லைத்தீவு. மூவருக்கும் சிங்களம் வராது. நான் பதுளைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை, லயத்தில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம் என்று வளர்ந்தவன். ஆகவே வீடு பார்த்தது, பேரம் பேசியது, மாதா மாதம் காசு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தது எல்லாம் நான். மேலுக்கும் கீழுக்கும் நடுவே படிக்கட்டில் நான் ஒருவன்தான் நின்றேன்.

ஆரம்பத்தில் நேர்மையாகத்தான் இருந்தேன். ஆளுக்கு 4,500. மகாபொல புலமைப்பரிசில் அப்போது மாதம் 5,000 அளவில். பிந்திப் பிந்தி வந்தாலும் வாடகை அதற்குள் அடங்கும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. பல்கலைக்கழகம் மூடித் திறந்தபோது ஊரில் தமிழ்ப் பெடியனுக்கு அறை கொடுக்க யோசித்தார்கள். வீட்டில் இருப்பவர்களின் விபரத்தைப் பொலிஸ் கேட்டது. ஆன்டி எங்கள் நால்வரின் அடையாள அட்டைப் பிரதியையும் வாங்கிக்கொண்டு, தானே பொலிசுக்குப் போய்ப் படிவம் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: யாராவது கேட்டால் என்னைக் கூப்பிடு, பயப்பட வேண்டாம் என்று மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லு.

நான் மேலே ஏறிப்போய்ச் சொன்னது வேறு. “பொலிஸ் பிரச்சினையாம். தமிழ்ப் பெடியங்கள வச்சிருக்கிறது ரிஸ்க்காம். இந்த மாசத்தில இருந்து ஆளுக்கு ஆறாயிரம் கேக்குறாங்க.”

மூன்று ஆறாயிரம் பதினெட்டாயிரம். என் பங்கு மறைந்துவிட்டது.

அதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். படி ஏறும்போது யோசித்தேன். அது போதுமான நேரம்.

நியாயமும் கைவசம் இருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில்தான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 500இலிருந்து 700 ஆகியிருந்தது. ஆயிரம் கேட்டுப் போராடி எழுநூறு. அம்மா கொழுந்து எடுத்து, நிறை காணாமல் அரைப் பேர் (அரை நாட்சம்பளம்) போட்ட நாட்களும் போக அனுப்பும் காசில் நான் படிக்கிறேன், இவர்களுக்கு வீட்டில் காணி இருக்கிறது, வெளிநாட்டில் மாமா இருக்கிறார் என்று மனதுக்குள் ஒரு வழக்கு நடத்தினேன். முதல் வருடத்தில் சில சீனியர்கள் என்னைத் ‘தோட்டக்காட்டான்’ என்றதையும் அந்த வழக்கில் சாட்சிக்கு அழைத்தேன். அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் வேறு, காசு கொடுத்தவர்கள் வேறு. முல்லைத்தீவுக்காரனுக்குத் தகப்பன் இல்லை, வெளிநாட்டில் மாமாவும் இல்லை. அது எனக்குத் தெரியும். அவனிடம் நான் கூட எடுத்த 1,500 அம்மாவின் இரண்டு பேருக்கும் அதிகம் என்பதும் தெரியும். கணக்கில் நான் எப்போதுமே கெட்டிக்காரன்.

இனி, அந்தப் பெரிய குற்றம். யுத்தத்தின் கடைசி மாதங்களைச் சிறுவயதில் கண்ட பிள்ளைக்கு, ‘சிங்கள மனுசி தமிழன் என்றதற்காக வாடகையைக் கூட்டினாள்’ என்று சொன்னால் அவன் ஆதாரம் கேட்கமாட்டான். அது தெரிந்துதான் சொன்னேன். வேறு எந்தப் பொய்யையும், தண்ணி பில், கூரை வேலை என்று எதைச் சொல்லியிருந்தாலும், ரசீது கேட்டிருப்பார்கள். இந்தப் பொய்க்கு அவர்கள் வாழ்க்கையே ரசீதாக இருந்தது. அதன்பிறகு ஆன்டி படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். மாதம் பிறந்தால் அவர் கிரிபத் கிண்டித் தட்டில் வைத்து மேலே அனுப்புவார். “காசைக் கூட்டிப்போட்டு சோறு தாறா” என்றான் யாழ்ப்பாணத்தான். தட்டு அப்படியே கிடந்தது. பிள்ளைகளுக்கு என் சமையல் பிடிக்கவில்லையா என்று ஆன்டி கேட்டபோது, அவங்களுக்குக் காரம் வேணும் என்று சொல்லி வைத்தேன். இரண்டு பக்கத்துக்கும் நான்தான் பொய்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். சாமான்களை அறையிலேயே பூட்டிவிட்டு ஊருக்கு ஓடினோம். எத்தனையோ போர்டிங்குகளில் வாடகைச் சண்டை. ஆன்டி தானாகவே தொலைபேசி எடுத்து, கெம்பஸ் திறக்கும்வரை பாதி தந்தால் போதும் என்றார். நாலு பேருக்கும் சேர்த்து 9,000. வகுப்புகள் சூமில் நடந்தன. நானும் தம்பிமாருக்கு ஒன்லைனில் ஒரு நற்செய்தி சொன்னேன்: “ஆன்டி 4,500ஆ குறைச்சிட்டாங்க.” நன்றி சொல்லச் சொன்னார்கள். மூவரின் 13,500இல் ஒன்பதாயிரத்தை வைப்பிலிட்டேன். அதுவரை ஓசியில் குடியிருந்தவன், குடியிருக்காத வீட்டில் லாபம் எடுக்க ஆரம்பித்தேன்.

முல்லைத்தீவுக்காரன் அந்த முடக்க காலத்தில் வீட்டிலிருந்து சிங்களம் படித்திருக்கிறான். திரும்பி வந்ததும் மற்றவர்களைப்போலத் தலை குனியாமல் ஆன்டியிடம் பேச்சுக் கொடுத்துப் பழகினான், பிழைபிழையாக, கூச்சமில்லாமல். பாதி வாடகைக் கதையை அவரே சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் 4,500ஐ எண்ணித் தானே கீழே கொண்டுபோய்க் கொடுத்தான். மற்ற இருவரிடமும், “ஆன்டி பழைய வாடகைக்கே இறங்கிட்டா, இனி நாலு பேரும் ஒரே காசு” என்றான். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவன் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், அதற்கு வார்த்தைகள் தயாராக வைத்திருந்தேன். வாய் திறக்க அவன் இடமே தரவில்லை.

படிப்பு முடிந்து வேலை கிடைத்தபிறகு கணக்குப் பார்த்தேன். ஆளுக்கு 25,000 அளவில். 2022இல் ரூபா விழுந்த வீழ்ச்சிக்குப் பிறகு அந்தத் தொகைக்குப் பழைய பெறுமதி இல்லை. தெரிந்தும் அதே தொகையைத்தான் எடுத்து வைத்தேன். என்ன சொல்லிக் கொடுப்பது? உண்மையைச் சொல்லலாம் என்று வட்ஸ்அப்பில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், ஆன்டியிடம் நம் அட்வான்ஸில் மிச்சம் இருந்ததாம், தந்துவிட்டா, வங்கிக் கணக்கு இலக்கம் அனுப்புங்கள் என்று மூவருக்கும் ஒரே செய்தியைப் போட்டேன். திருப்பிக் கொடுப்பதற்கும் எனக்கு ஆன்டியின் பெயர் தேவைப்பட்டது.

யாழ்ப்பாணத்தானும் வாழைச்சேனைக்காரனும் இலக்கம் அனுப்பினார்கள். காசு போனது. “நல்ல மனுசி, நாங்கள்தான் பிழையா நினைச்சிட்டம்” என்று ஒருவன் எழுதினான். அதற்கும் நான் ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பினேன்.

முல்லைத்தீவுக்காரன் இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டான். “ஆன்டி என்ர அட்வான்ஸை நான் வெளிக்கிட்ட அண்டைக்கே கையில தந்திட்டா அண்ணை. மிச்சம் ஒண்டும் இல்லை.” இலக்கம் அனுப்பவில்லை.