பாறைமேல் ஒரு வீடு

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, லோத் ஆற்றின் கரையில், ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்திற்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறையின்மீது சேன் சீர் லபொப்பி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து நோக்குவோர்க்குப் பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பது எளிதில் புலப்படாது, இரண்டும் சுண்ணக்கல்லே. புதுப்பிக்கப்பட்ட பழைய வீடு ஒன்று அங்கு விலைக்கு வருமாயின், விளம்பரம் முதலில் பேசுவது வீட்டையன்று. அதன் சாளரத்தில் தெரியும் ஆற்றையே.

அக்காட்சியைக் கருதி முன்னோர் அங்கு வீடு கட்டவில்லை. பாறை அவர்களுக்கு அரண். ஆறு அவர்களுக்கு வழி. காவோர்ப் பகுதியின் திராட்சை மது படகேறிப் போர்தோ துறைமுகத்தை அடைந்தது. ஊரின் மரக்கடைசல் தொழிலாளர் மதுப் பீப்பாய்களுக்கு வேண்டிய மரக்குழாய்களைக் கடைந்தனர். தெருவை நோக்கி அகன்று வளைந்த கீழ்த்தள வாயில்கள் அவர்தம் பட்டறை வாயில்களே. இன்று அவற்றை அலங்காரம் என்று எண்ணி வியப்போர் பலர்! 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பள்ளத்தாக்கிற்கு இருப்புப்பாதை வந்தது, படகுகள் ஓய்ந்தன, கைத்தொழிலும் நலிந்தது.

மக்கள் நீங்கிய ஊரைத் தேடிக் கலைஞர்கள் வந்தனர். மீமெய்ம்மையியல் இயக்கத்தின் தலைவராகிய கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1950இல் இவ்வூரைக் கண்டார். மறு ஆண்டே, படகோட்டிகள் தங்கிய பழைய சத்திரத்தை விலைக்கு வாங்கினார். 1966இல் மறையும்வரை கோடைதோறும் அங்கு வந்து, ஆற்றுப்படுகையில் அகேட் கற்களைப் பொறுக்கித் திரிந்தார்.

இத்தகைய வீட்டைப் புதுப்பிப்பது புதிதாகக் கட்டுவதினும் அரிது. பழைய கற்சுவர் ஈரத்தை உறிஞ்சும், காற்றுப்படும்போது வெளிவிடும். சுண்ணாம்புச் சாந்து அதற்கு இடந்தரும். சிமெண்டுப் பூச்சோ ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்; நாளடைவில் கல்லின் முகமே உதிரும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் கட்டடங்களின் வெளித்தோற்றத்தை மாற்ற, அரசின் கட்டடக் கலைஞருடைய இசைவு வேண்டும் என்னும் விதி பிரான்சில் 1943இல் வந்தது. ஓடும் சாளரமும்கூட ஒருவர் விருப்பப்படி அமைவதில்லை. செலவை எண்ணிச் சலிப்போர் உண்டு. ஆனால் அக்கண்டிப்பு இல்லையேல், விளம்பரத்தில் காட்டுவதற்கு அங்கு என்ன எஞ்சியிருக்கும்?

எனினும், சட்டம் கூரையைக் காக்குமேயன்றி, அதன்கீழ் அடுப்பு எரிகிறதா என்று கேட்பதில்லை. 2012இல் தொலைக்காட்சி நேயர்கள் இவ்வூரைத் தம் மனங்கவர்ந்த ஊராகத் தேர்ந்தெடுத்தனர். புகழ் ஏற ஏற வீட்டின் விலையும் ஏறுவது இயல்பு. கோடையில் மட்டும் தங்குவோர் அவ்விலையைத் தருவர். ஆண்டு முழுதும் அங்கே வாழ விழையும் தச்சரோ ஆசிரியரோ தர இயலுமா? குளிர்காலத்தில் அடைத்துக் கிடக்கும் கதவுகளுக்குப் பின்னால், செவ்வனே புதுப்பித்த உத்தரங்கள் இருளில் கிடக்கின்றன. பிரெத்தோனும் கோடை விருந்தினரே என்பதை மறப்பதற்கில்லை.

அவருடைய வீடும் பின்னாளில் விற்பனைக்கு வந்தது. சுமார் 200 பேரே வாழும் அவ்வூரின் ஊராட்சி அதனை வாங்கி, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பிற வீடுகள் இன்னும் விளம்பரங்களில் ஆற்றைக் காட்டியவண்ணம் இருக்கின்றன.