பள்ளி வாயிலில் ஒரு ஹைபிரிட் மகிழுந்து



ஆசிரியர் என்றால் அனைத்தும் அறிந்திருப்பார் என்று நம்மவர்கள் இன்னும் நம்புகிறார்கள். அதனால்தான் இங்கே பண்டார் தெங்காராவில் பெற்றோர் சிலர், பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைப் பெற்ற கையோடு, "ஐயா, ஹைபிரிட் எஸ்.யு.வி. வாங்கலாமா?" என்றும் என்னைக் கேட்கின்றனர். நான் வாகன வல்லுநன் அல்லன். ஆயினும் நாள்தோறும் பள்ளி வாயிலில் நின்று, பிள்ளைகள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பவன். அவ்விடத்தில் கண்டதையும் படித்தறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஹைபிரிட் எனும் ஒரே சொல் வெவ்வேறு வகை வாகனங்களைக் குறிக்கிறது. 2023 டிசம்பரில் மலேசியாவில் அறிமுகமான ஹோண்டா சி.ஆர்.வி. ஹைபிரிட் முழுமையான கலப்பின வகை. குறைந்த வேகத்தில் மின்மோட்டாரே சக்கரங்களைச் சுழற்றும், 2.0 லிட்டர் பெட்ரோல் இயந்திரம் பெரும்பாலும் மின்சாரம் ஆக்கித் தரும். நெடுஞ்சாலை வேகத்தில் அது நேரடியாகச் சக்கரங்களோடு இணையும். அதே ஆண்டு மே மாதம் வெளிவந்த புரோட்டோன் எக்ஸ்90 வேறு வகை. அதன் 48 வோல்ட் மின்மோட்டார் இயந்திரத்துக்குத் துணைநிற்குமே தவிர, தனித்து வண்டியை ஓட்டாது. ஆனால் அதில் மூன்று வரிசை இருக்கைகள் உண்டு. தாத்தா பாட்டியோடு வாழும் குடும்பத்துக்கு மின்கலத்தைவிட அந்த மூன்றாம் வரிசையே பெரிய வசதியாக இருக்கலாம்.

அடுத்தது எரிபொருள். முழுக் கலப்பின வாகனம், தடையை அழுத்தும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக மாற்றிச் சேமிக்கிறது. ஆகவே நின்று நின்று நகரும் ஜொகூர் பாரு நெரிசலில் அதன் பயன் மிகுதி. நம் ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டச் சாலைகளில் ஒரே வேகத்தில் செல்வோருக்கு அப்பயன் குறைவு. ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். சாதாரண வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டரும் ஹைபிரிட் 20 கிலோமீட்டரும் தருவதாகக் கொள்வோம். மாதம் 50 லிட்டர் மிச்சம். 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 திட்டம் தொடங்கியபோது இருந்த 1.99 ரிங்கிட் விலைப்படி, ஏறத்தாழ 100 ரிங்கிட். வண்டிகளின் விலை வேறுபாடு 20,000 ரிங்கிட் என்றால், அதை ஈட்ட 16 ஆண்டுகளுக்கு மேலாகும். பெட்ரோல் செலவு குறையும் என்பது உண்மை. அதற்காக மட்டுமே வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது.

நம் நாட்டில் வாகனக் கடனை 9 ஆண்டுகள் வரை நீட்டிக்க முடியும். முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை மூன்றாம் படிவம் முடிக்கும் காலம் அது. ஹைபிரிட் மின்கலத்துக்குப் பல நிறுவனங்கள் தரும் உத்தரவாதமோ 8 ஆண்டுகள். இறுதி ஓராண்டுத் தவணையைக் கட்டும்போது மின்கலம் பழுதானால் செலவு நம்முடையது. அதே காலத்தில் பிள்ளையின் படிப்புச் செலவும் கூடியிருக்கும். எனவே மின்கல மாற்று விலையை முன்பே எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள்.

இனி இரண்டாம் வரிசைக்கு வருவோம். குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். அதைப் பொருத்தும் ஐசோபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் இரு ஓர இருக்கைகளில் மட்டுமே இருக்கும். மூன்று சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார், மூன்று பாதுகாப்பு இருக்கைகளும் அருகருகே அமர்கின்றனவா என்று வைத்துப் பார்த்துவிட்டே முன்பணம் கட்ட வேண்டும். மேலும், சில ஹைபிரிட் வண்டிகளில் மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்றுத்துளை பின்னிருக்கையின் கீழோ பக்கத்திலோ இருக்கும். நம் பிள்ளைகளின் புத்தகப்பையும் ரொட்டித் துகளும் சேருமிடமும் அதுவே. துளை அடைபட்டால் மின்கலம் சூடேறும். அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டிவையுங்கள்.

பள்ளி வாயிலில் என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பவை இரண்டு. ஒன்று, ஓசை. பிள்ளைகள் வண்டியைப் பார்ப்பதற்கு முன் கேட்கிறார்கள். மின்விசையில் ஊர்ந்து வரும் வண்டி ஏறக்குறைய ஓசையின்றி வரும். குறைந்த வேகத்தில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவி பல புதிய வண்டிகளில் உண்டு; வாங்கும் வண்டியில் உள்ளதா என உறுதிசெய்க. மற்றொன்று, உயரம். சக ஆசிரியர் ஒருவரின் உயரமான வண்டியை அணைத்து நிறுத்தி, முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனை அதன் முன்னே நிற்கவைத்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தேன். அவன் தலைமுடிகூடத் தெரியவில்லை. முன்பக்கக் கேமரா இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும். ஆடம்பரம் என்று பலர் ஒதுக்கும் கருவி அது. நானோ அதைத்தான் முதலில் கேட்பேன்.

இன்னொன்றும் உண்டு. ஓசை இல்லாததால் வண்டி அணைந்துவிட்டது என்று எண்ணி, பிள்ளையை உள்ளே விட்டு இறங்கிவிட வேண்டா. இயந்திரம் உறங்கினாலும் வண்டி விழித்திருக்கும். கால்மிதியை அழுத்தினால் நகரும். பொத்தானை அழுத்தி அணைத்தபின், பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதை நம்மில் பலர் மறக்கவில்லை. 2023 மார்ச்சிலும் ஜொகூர் பெருவெள்ளம் கண்டது. எஸ்.யு.வி. வண்டிகள் பலவற்றின் அடிப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நம் கையளவில் ஒரு சாண். அது குழிச்சாலைக்கு உதவும், வெள்ளத்துக்கு உதவாது. உயர்மின்னழுத்த மின்கலம் வண்டியின் தாழ்ந்த பகுதியில் இருப்பதால், நீரில் மூழ்கிய ஹைபிரிட் வண்டியை நாமாக இயக்க முயலாமல் பணிமனையாரை அழைப்பதே முறை.

விற்பனை நிலையத்துக்குத் தனியே செல்லாதீர்கள். பிள்ளைகளையும் பாட்டியையும் புத்தகப்பைகளையும் பாதுகாப்பு இருக்கையையும் உடன் கொண்டுசெல்லுங்கள். பாட்டி கைத்தாங்கலின்றி ஏறி இறங்கட்டும். பைகளை அடுக்கிய பின் உதிரிச் சக்கரத்தை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். சில ஹைபிரிட் வண்டிகளில் அதற்குப் பதில் ஒட்டுக் கருவிப் பெட்டி மட்டுமே இருக்கும். இருட்டிய தோட்டச் சாலையில் டயர் வெடித்தால் அவ்வேறுபாடு புரியும். அரை மணி நேரம் ஆனாலும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.