வாடகை வீட்டு வெள்ளை டைல்ஸும், அம்மாவின் நாலு கல் பூவும்!

சென்னை வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீடு. சமையலறையில் அடுப்பு மேடைக்கு மேலே இரண்டடி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ். 8 அங்குலச் சதுரங்கள், மூன்று வரிசை. ஒரு பூ இல்லை, ஒரு கோடுகூட இல்லை. இடுக்குகளில் மட்டும் பழைய மஞ்சள் கறை.

அப்பா இறந்து மூன்று மாதம் கழித்து, காரைக்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவை அந்த வீட்டுக்கு அழைத்து வந்தாள் மகள். வந்த அன்று சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்த அம்மா, “ஆஸ்பத்திரி மாதிரி இருக்குத்தா” என்றார். அதன்பிறகு உள்ளே போகவே இல்லை. மகள் சமைத்து வைத்ததைச் சாப்பிட்டார். ஹாலில் உட்கார்ந்தார். வாரத்துக்கு ஒருமுறை, “ஊருக்குப் போயிடுறேனே” என்றார்.

ஐம்பது பேருக்குத் தனியாகப் பலகாரம் சுட்டவர் அவர். அடுப்படியிலிருந்து அம்மா ஒதுங்கியதுதான் மகளைப் பயமுறுத்தியது. சுவரை மாற்றினால் அம்மாவும் மாறுவார் என்று நினைத்தாள். வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே கூடாது என்று சொல்லியிருந்ததால், ஆன்லைனில் பளிங்கு டிசைன் போட்ட அலுமினியத் தாள் ஸ்டிக்கர் ஒரு ரோல் வாங்கினாள். அம்மா தூங்கிய பிறகு, ஒரே ராத்திரியில் சுவர் முழுக்க ஒட்டி முடித்தாள். காலையில் பார்த்த அம்மா, “நல்லாத்தான் இருக்கு” என்றதோடு சரி.

பத்தே நாளில் சாயம் வெளுத்தது. அடுப்புக்குப் பின்னால் சூட்டில் தாள் உப்பியது. ஓரம் சுருண்டு உள்ளே எண்ணெய் இறங்கியது. ஒருநாள் கடாய் ஓரமாக எழும்பிய தீயில் ஒரு முனை கருகியே விட்டது. நாற்றம் வந்ததும் ஓடி வந்து அடுப்பை அணைத்தவர் அம்மாதான். அந்தச் சமையலறைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல்முறை.

தாளை உரிக்கும்போது அம்மாவும் கூட நின்றார். ஹேர் ட்ரையரால் லேசாகச் சூடு காட்டினால் தாள் அலுங்காமல் வந்தது. ஒட்டிக்கொண்டிருந்த பசை மீது தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைக்கச் சொன்னது அம்மா. அப்போதுதான் மகள், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள். “உனக்கு எப்படி இருந்தா பிடிக்கும்மா?”

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, “நம்ம வீட்டுத் தரை மாதிரி” என்றார்.

ஊரில் அவர்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல். சூளையில் சுடுவதில்லை. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கும் வருகிறது. அசல் கல்லைச் சமையலறைச் சுவரில் பதிக்க இங்கே வழியில்லை. கல் கனம். சிமென்ட் கல் என்பதால் மேலே பூச்சு அடிக்காவிட்டால் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிவிடும். அதைவிட, வீடு அவர்களுடையது இல்லை. ஆனால் அதே டிசைனில் 8 அங்குல டைல்ஸ் ஸ்டிக்கர் கிடைக்கிறது. 20 கொண்ட ஒரு பாக்கெட் வாங்கினார்கள்.

இந்த முறை அவசரப்படவில்லை. முதல் நாள் சுத்தம் மட்டும். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து இடுக்குகளில் பூசி, கால் மணி நேரம் கழித்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தார் அம்மா. ஆசிட் ஊற்றலாமா என்று கேட்ட மகளைத் தடுத்தார். ஆசிட் இடுக்குச் சிமென்ட்டை அரித்துவிடும்; பிளீச்சிங் பவுடரோடு ஆசிடோ வினிகரோ கலந்தால் விஷவாயு வரும். கறை போகாத இடுக்குகளில் ஒயிட் சிமென்ட்டைக் குழைத்து விரலால் அழுத்தி, ஈரத்துணியால் துடைத்தார்கள். இடுக்கு வெளுத்ததிலேயே சுவர் பாதி புதுசாகிவிட்டது.

மறுநாள் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டத் தொடங்கினாள் மகள். அடுப்புக்கு நேர் பின்னால் எதுவும் ஒட்டவில்லை. அங்கே வெறும் டைல்ஸ்தான். தண்ணீர் தெறிக்கும் கீழ் வரிசையையும் விட்டுவிட்டாள். நடுவில் அழுத்தி, பழைய ஏடிஎம் கார்டால் ஓரத்தை நோக்கித் தேய்த்தால் காற்றுக்குமிழ் வரவில்லை. இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி மூன்றாவதை எடுத்தபோது அம்மா கையைப் பிடித்தார்.

“அப்படி இல்லத்தா. திருப்பு. நாலு கல்லு சேர்ந்தாத்தான் பூ வரும்.”

ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் ஒரு மூலையில் கால் பூதான் இருந்தது. மகள் அதைக் கவனிக்கவே இல்லை. முப்பது வருஷம் அந்தத் தரையைக் கூட்டித் துடைத்தவருக்கு எந்த மூலை எந்த மூலையோடு சேரும் என்று கண்ணை மூடினாலும் தெரியும். அதன்பிறகு ஒட்டியது அம்மா. எடுத்துக் கொடுத்தது மகள். அடுப்புக்கு இடப்பக்கம் இரண்டு பூ, வலப்பக்கம் இரண்டு பூ. சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. மொத்தச் செலவு 1,000 ரூபாய்க்குள்.

மறுநாள் காலையில் மகள் எழுந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. பணியாரக் கல் அடுப்பில் இருந்தது. “இங்க உளுந்து எங்கத்தா வச்சிருக்க? ராத்திரி ஊறப்போடத் தேடித் தேடி எடுத்தேன்” என்று கடிந்துகொண்டார் அம்மா.

மிஞ்சிய நாலு ஸ்டிக்கரையும் தூக்கிப் போட மனம் வராமல் மகள் கேட்டாள், “இதை என்னம்மா செய்ய?”

பணியாரத்தைத் திருப்பிக்கொண்டே அம்மா சொன்னார். “பத்திரமா எடுத்து வை. வேற வீடு மாறினா அங்க ஒரு பூ ஒட்டிக்கலாம்.”

அந்த வாரம், ஊருக்குப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை.