கடைசி ஆள் வரும்வரை

எங்கள் ஊர்ப்பக்கம் மரதன் என்றால் ஐந்து கிலோமீற்றர். இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சில நாட்கள் முன்பு, ஆண்கள் பாடசாலை வாசலில் விடியற்காலையிலேயே மாணவர்கள் கூடுவார்கள். முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு முச்சக்கர வண்டி, நடுவில் ஓட்டம். சந்திக்குச் சந்தி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். சுதந்திர தினத்துக்கும் விளையாட்டுக் கழகங்கள் மரதன் வைப்பதுண்டு. அதுவும் ஐந்தோ ஏழோதான். மைதானத்தை விட்டு வீதிக்கு இறங்கி ஓடினாலே அதற்குப் பெயர் மரதன்.

உண்மையான மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். பஸ்ஸில் போனாலே ஒரு மணித்தியாலம் பிடிக்கும். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கில் இந்தத் தூரம் சுமார் 40 கிலோமீற்றராக இருந்தது. 1908இல் லண்டனில் வின்ட்சர் மாளிகையில் தொடங்கி, அரங்கிலே அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்தபோது வந்த கணக்குத்தான் 42.195. 1921இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். யாரோ ஓர் அரச குடும்பத்தின் வசதிக்காகக் கூட்டிய அந்தத் துண்டுத் தூரத்தை இன்றும் உலகமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் குடும்பத்திலும் ஒருவர் ஓடினார். என் பெரியம்மாவின் மகள். எனக்கு ராத்தா முறை. கொழும்பில் தாதி உத்தியோகத்தராக இருக்கிறார். அங்கே நடக்கும் மரதன் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருப்பதாக அவர் சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

"குமர்ப் பிள்ளை ரோட்டுல ஓடுறதா?" என்றார் மூத்தம்மா.

"ஓடி என்ன கிடைக்கப்போகுது? பரிசு தருவாங்களா?" என்றார் உம்மா.

அந்த இரண்டு கேள்விகளையும் நான் நிறைய யோசித்துப் பார்த்தேன். ஏனென்றால் எங்கள் ஊரில் பெண்கள் வீதியில் இறங்காமல் இல்லை. சுபஹ் தொழுதுவிட்டு, அபாயாவோடு, இரண்டு இரண்டு பேராகக் கடற்கரை வீதியால் எத்தனையோ தாய்மார் நடக்கிறார்கள். உம்மாவும் நடக்கிறார். சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னார். அதை யாரும் குறை சொல்வதில்லை. வருத்தத்துக்காக ஒரு பெண் வேகமாக நடக்கலாம். விருப்பத்துக்காக ஓடினால் மட்டும் கேள்வி வந்துவிடுகிறது.

வாப்பாதான் பேச்சை முடித்து வைத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி ஹதீஸில் இருக்கிறது என்பதை நினைவூட்டிவிட்டு, "உடுப்பு ஒழுங்கா இருந்தாச் சரி, நாமளும் போய்ப் பார்ப்போம்" என்றார். அப்படித்தான் உம்மா, வாப்பா, நான் மூவரும் கல்முனையிலிருந்து இரவு பஸ் ஏறினோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓட்டம் தொடங்கிவிட்டிருந்தது. மரதனை விடிவதற்கு முன்பே தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஓடும்போது தசைகளில் உண்டாகும் வெப்பத்தை உடல் வியர்வையால்தான் வெளியேற்றுகிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கொழும்பைப் போலக் காற்றில் ஈரப்பதன் கூடிய நகரத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடிவிடும். உடம்பு நனையும், ஆனால் குளிராது. உயிரியல் பாடத்தில் நான் வரியாகப் படித்ததை அன்று மனிதர்களின் முகங்களில் பார்த்தேன்.

முடிவுக் கோட்டுக்கு அருகில் ஒரு வாகை மர நிழலில் நின்றோம். வெற்றியாளர்கள் வந்த வேகத்தைப் பார்த்து உம்மா "யா அல்லாஹ்" என்றார். காற்றுப் போல வந்தார்கள். கமராக்கள் ஓடின, மேளம் கொட்டியது, அறிவிப்பாளர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூட்டம் கலைந்தது. உண்மையான மரதன் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

வந்து புல்லில் விழுந்தவர்களோடு வாப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கதைத்தார். அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், முப்பதாவது கிலோமீற்றருக்குப் பிறகு தூரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மின்கம்பங்களை மட்டும் எண்ணியதாகச் சொன்னார். "அடுத்த கம்பம் வரை போவோம், அங்கே போய் யோசிப்போம். அப்படியே வந்துவிட்டேன்." பதுளைப் பக்கத்து இளைஞர் ஒருவர், மலையில் ஏறி இறங்கிப் பழகிய கால்களை இந்தச் சமதரையும் வெக்கையும் தோற்கடித்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். இன்னொருவர் சப்பாத்தைக் கழற்றினார். காலுறை இரத்தத்தில் ஒட்டியிருந்தது. ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை, கழுத்தில் கிடந்த பதக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது எல்லோருக்கும் கொடுக்கிற பதக்கம். முதலில் வந்தவருக்கும் அதே, மூவாயிரமாவதாக வந்தவருக்கும் அதே.

எல்லோரும் முப்பதைப் பற்றியே ஏன் சொல்கிறார்கள்? அதற்கும் விடை எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஒரு கிலோமீற்றர் ஓட, 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு ஏறக்குறைய 60 கிலோகலோரி வேண்டும். முழுத் தூரத்துக்கும் 2,500 அளவில் வரும். ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜனாகச் சேமித்திருப்பது சுமார் 2,000தான். வேகமாக ஓடுபவருக்கு அது முப்பது, முப்பத்தைந்து கிலோமீற்றர் அளவில் தீர்ந்துபோகிறது. பிறகு கொழுப்பை எரித்தே போக வேண்டும். கொழுப்பு மெதுவாகத்தான் சக்தி தரும். கால்கள் மரக்கட்டைகளாகின்றன. மூளைக்குக் குளுக்கோசு குறைவதால் கவலையும் எரிச்சலும் வருகின்றன. சிலர் அழுதுவிடுவார்களாம். ஆகவே முப்பதில் தளர்வது கோழைத்தனமல்ல, கணக்கு. அதற்குப் பிறகுள்ள பன்னிரண்டு கிலோமீற்றர்தான் அவரவருடையது.

தாகம் என்று தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், வெறும் தண்ணீர் கூடினால் குருதியில் சோடியம் செறிவு குறைந்து மயக்கம், வலிப்புக்கூட வரலாம். ராத்தா தாதி என்பதால் இது அவருக்குத் தெரியும். இடுப்புப் பையில் ஜீவனிப் பக்கெட்டுகளோடுதான் போயிருந்தார்.

ஐந்து மணித்தியாலம் கடந்தது. ராத்தா வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. அறிவிப்பாளரின் குரல் நின்றது. கதிரைகளை அடுக்கினார்கள். அனுசரணையாளர்களின் கூடாரங்களைப் பிரித்தார்கள். உம்மா தஸ்பீஹை உருட்டிக்கொண்டே "எங்கயாவது விழுந்திட்டாளோ?" என்று பத்துத் தரம் கேட்டார்.

ஆறு மணித்தியாலமும் இருபது நிமிடமும் ஆகியபோது தூரத்தில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. ஒன்று ராத்தா. தலையில் கறுப்பு ஸ்காப், நீண்ட கை, முழங்காலுக்குக் கீழிறங்கிய மேற்சட்டை, முகம் பீட்ரூட் நிறம். பக்கத்தில் நடுத்தர வயதுச் சிங்களப் பெண்மணி ஒருவர். முப்பத்துநான்காவது கிலோமீற்றரில் காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த அவருக்கு ராத்தா ஜீவனி கரைத்துக் கொடுத்திருக்கிறார். அங்கிருந்து இருவரும் கொஞ்சம் நடந்தும் கொஞ்சம் ஓடியும் ஒன்றாகவே வந்திருக்கிறார்கள். வீதியைத் திறந்துவிட்டதால் கடைசித் தூரமெல்லாம் பஸ்களுக்கும் நடைபாதைக்கும் இடையில்தான்.

கோட்டைத் தாண்டியதும் உம்மா ஓடிப் போய் ராத்தாவைக் கட்டிப்பிடித்தார். ஆம், உம்மாதான் ஓடினார். நாங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு புறப்படப் பார்த்தோம்.

"போயிடாதீங்க மாமா," என்றார் ராத்தா மூச்சு வாங்கியபடி. "எங்களுக்குப் பின்னால இன்னும் ரெண்டு பேர் வாறாங்க."

நின்றோம். வாப்பா, உம்மா, நான், ராத்தா, அந்தப் பெண்மணி, கதிரை அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள். இருபத்தைந்து நிமிடங்களுக்குப் பிறகு ஒருவர் வந்தார். அவருக்கும் பின்னால் ஒரு முதியவர், நடந்தபடி. எழுவரும் கைதட்டினோம். அந்த முதியவர் கோட்டில் நின்று எங்களைப் பார்த்து இரு கைகளையும் கூப்பினார். அவர் கண்களில் இருந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வந்த பிறகு, கடைசியாக வந்தவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நம் நாட்டவர் ஒருவரே கிடைத்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், இலங்கை சிலோன் என்ற பெயரோடு இருந்த காலத்தில், 10,000 மீற்றர் ஓடியவர் கருணானந்த. அவர் அணிந்திருந்த இலக்கம் 67. அமெரிக்காவின் பில்லி மில்ஸ் தங்கம் வென்று, மற்றவர்களும் ஓடி முடித்த பின்னும் இவருக்குத் தூரம் மீதமிருந்தது. விட்டுவிட்டுப் போகவில்லை. தனியொருவராக ஓடி முடித்தார். அரங்கம் அவருக்காகக் கைதட்டியது. அவருடைய கதை ஜப்பானியப் பிள்ளைகளின் பாடநூலில் இடம்பெற்றது. நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

பெண்களைப் பொறுத்தவரை, ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் நிற்பதற்கே நெடுங்காலம் பிடித்தது. 1967இல் பொஸ்டன் மரதனில் கத்ரின் சுவிட்சர், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் கொடுத்து இலக்கம் பெற்று ஓடியபோது, அதிகாரி ஒருவர் வழியில் பாய்ந்து அவரைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தார். பொஸ்டன் பெண்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மரதன் வந்ததோ 1984இல்தான். என் உம்மா பிறந்த பிறகு! 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்துக்காக ஓடிய சிஃபான் ஹசன் 2 மணித்தியாலம் 22 நிமிடம் 55 செக்கனில் தங்கம் வென்று, ஹிஜாப் அணிந்து மேடையேறினார். மூத்தம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆருட புள்ள இது?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் இருக்கவில்லை.

நான் உயர்தர மாணவி. என்னைப் போன்றவர்களின் வாழ்க்கை இசட் புள்ளியில் தொங்குகிறது. நான் எவ்வளவு கற்றேன் என்பதை விட, மற்றவர்களை விட எவ்வளவு மேலே நிற்கிறேன் என்பதைத்தான் அந்தப் புள்ளி சொல்லும். மாவட்ட நிலை, தீவு நிலை என்று எங்களை வரிசைப்படுத்தியே பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்தில் இடம் குறைவு என்பதால் அந்த வரிசை தேவை என்பதும் எனக்கு விளங்குகிறது. மரதனிலும் நேர வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அதுவும் முழுக்கக் கருணையான இடமல்ல. ஆனாலும் அங்கே ஒரு நியாயம் இருக்கிறது. முதலாமவர் ஓடியதும் கடைசி முதியவர் நடந்ததும் ஒரே 42.195 கிலோமீற்றர்தான். கடைசியாக வந்தவருக்கு ஒரு மீற்றரும் குறைத்துக் கொடுக்கவில்லை. அவர்தான் அதிக நேரம் வெயிலில் நின்றவர்.

பெறுபேறு வரும் நாளில் எங்கள் ஊர்ச் சந்திகளில் பதாகைகள் தொங்கும். முதலில் வந்தவர்களின் படங்கள் அவற்றில் இருக்கும். இருக்கட்டும், அவர்கள் உழைத்தவர்கள். ஆனால் இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் எழுதி, வீட்டு வேலையோடும் வருத்தக்காரத் தாயைப் பார்ப்பதோடும் படித்து, மூன்று எஸ் எடுத்து முடித்த ஒரு தோழி எல்லோருடைய வகுப்பிலும் இருப்பாள். அவள் கோட்டைத் தாண்டும்போது கதிரைகளை அடுக்கி முடித்திருப்பார்கள். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய்க் கைதட்ட நாங்கள் ஏழு பேராவது இருக்க வேண்டும்.

ராத்தா அடுத்த வருடமும் ஓடப்போகிறாராம். பத்துக் கிலோமீற்றர் பிரிவும் இருக்கிறது, நீயும் வா என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். உம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்:

"முதல்ல சோதினைய முடி. பொறகு சப்பாத்து வாங்கலாம்."

தரம் 13, உயிரியல் பிரிவு