தொப்பூர் இறக்கத்தில் திக்கும் குரல்

பாலக்கோட்டில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சேலம் பக்கம் கிளம்பும் வண்டிகளில் பேச்சுக்குக் குறைவில்லை. மண்டியில் இன்றைக்கு என்ன விலை, எத்தனை மணிக்குள் இறக்க வேண்டும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என எல்லாமே இப்போது வாட்ஸ்அப் கால்தான். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் வண்டி இறங்கும்போது இருபுறமும் மலை. அங்கே குரல் திக்கினால் வியப்பில்லை.

"நல்ல ரவுட்டர் ஒன்று வாங்கி மாட்டு" என்பது உடனே கிடைக்கும் யோசனை. சிம் போட்ட டாங்கிளை மடிக்கணினியில் செருகிய காலம் போய், 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் சட்டைப்பையில் அடங்கும் வைஃபை பெட்டி பலருக்கும் பழகிப்போனது. வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது வேகத்தைத்தான்.

பேச்சுக்கு அத்தனை வேகம் தேவையே இல்லை. குரலை எண்ணாக மாற்றும் பழைய ஜி.711 முறையில்கூட வினாடிக்கு 64 கிலோபிட் போதும். 2012-இல் தரமாக ஏற்கப்பட்ட ஓபஸ் முறை அதைவிட மிகக் குறைவிலும் சமாளிக்கும். குரலைப் பெரும்பாலும் 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, வினாடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் நேரத்துக்கு வந்தாக வேண்டும். சினிமா என்றால் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் இன்னும் பேசாத சொல்லை எப்படி இறக்கி வைப்பது? பேசிய குரல் மறுமுனையில் 150 மில்லிவினாடிக்குள் கேட்டால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். ஓடும் வண்டி ஒரு டவரை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும் இடத்தில்தான் இந்த ஒழுங்கு குலைகிறது.

ரவுட்டர் சிக்னலை உண்டாக்காது. இருப்பதைப் பிடித்துத்தான் தரும். இரும்புக் கேபினுக்குள் வைத்தால் பிடிப்பதும் குறையும். உண்மையில் பலன் தருவது கூரைக்கு மேல் ஆண்டெனா பொருத்தும் வசதியும், வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம் போடும் வசதியும்தான். ஆண்டெனா இணைக்க வழியில்லாத பெட்டிக்குப் பணம் கொடுப்பதைவிட, போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்வது மேல். சித்திரை வெயிலில் கண்ணாடியோரம் டேஷ்போர்டில் ஒட்டிவைத்த பெட்டி கொதித்து, தானாகவே அணைந்துபோவதும் உண்டு. இருக்கைக்கு அடியில், காற்றுப்படும் இடத்தில் வைத்து, ஆண்டெனா வயரை மட்டும் மேலே கொண்டுபோக வேண்டும்.

டவரே எட்டாத இடத்தில் எந்தப் பெட்டியும் பயன்படாது. சித்தேரி, வத்தல்மலை, தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதைமேல் ஏறிப்போன கோட்டூர் மலை என்று தருமபுரி மாவட்டத்தில் மலைக்கிராமங்கள் பல. நாடெங்கும் 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மலையில் வாழ்பவருக்கு இது சலுகை அல்ல, நியாயமாகச் சேர வேண்டிய பங்கு.

தொப்பூர் விபத்துக்குப் பேர்போன இறக்கம் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்து 108-ஐ அழைக்க முடியாது. டேட்டா மட்டும் உள்ள ரவுட்டர் சிம்மை நம்பிப் புறப்படாமல், பேச்சு வசதியுள்ள சிம் போட்ட சாதாரண போன் ஒன்றை வண்டியில் எப்போதும் சார்ஜோடு வைத்திருக்க வேண்டும். ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. சொந்த நிறுவனத்தின் டவர் கிடைக்காத இடத்தில் 112-ஐ அழுத்தினால், பக்கத்தில் உள்ள வேறு நிறுவனத்தின் டவர் வழியாகவும் அழைப்பு போய்ச் சேரும்.