எண்ணை மாற்றலாமா?

எங்கள் வாப்பாவின் கையடக்கத் தொலைபேசி எண்ணுக்கு என் தம்பியை விட வயது அதிகம். உட்துறைமுக வீதியிலிருந்து கிண்ணியா வரை, அவரிடம் மீன் வாங்குவோர் எல்லோரிடமும் அந்த எண் உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்புகள் போனுக்குள் வந்தபோதுதான் வேறு கம்பனிக்கு மாறும் பேச்சு எழுந்தது. டீச்சர் ஒரு வசனம் சொன்னால் பாதிதான் எங்கள் வீட்டுக்குள் வரும். உயர்தரப் பரீட்சைக்கு அது போதுமா?

கப்பல்களைப் புயலிலிருந்து காக்கும் குன்றுகளே எங்களுக்குச் சிக்னலை மறைக்கின்றன. கோபுரம் குன்றின் மறுபக்கம்; வீடோ அடிவாரத்தில். வேக இணையத்தைச் சுமக்கும் உயர் அதிர்வெண் அலைகள் மண்மேட்டைச் சுற்றி இலகுவில் வளைந்து வராதாம். காக்கா உறவினரிடம் மூன்று சிம் இரவல் வாங்கி, குசினி, முற்றம், படிக்கட்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று குசினியிலும் வீடியோவை அறுக்காமல் காட்டியது.

ஆனால் அப்போது கம்பனி மாறினால் எண்ணும் மாறிவிடும் நிலை இருந்தது. 077, 071, 075 என்று முன்னிலக்கமே கம்பனியைச் சொல்லிவிட்டது. இந்தியாவில் 2011 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம். இங்கே நடந்தது வேறு விதம்: 1989இல் வந்த செல்டெல், பிறகு டிகோ, எடிசலாட், 2018இல் ஹட்ச் என்று பெயர்தான் மாறியது; 072 அப்படியே இருந்தது.

"வியாபாரிகளுக்குப் புது நம்பரைச் சொல்லலாம். மூதூரில இருக்கிற உம்மாக்கு எப்படிச் சொல்ற?" என்றார் உம்மா. உம்மும்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எந்தப் பொத்தானுக்குப் பின் எந்தப் பொத்தான் என்று விரல் பழகிய ஒரே எண் அதுதான்.

வாப்பாவின் போனில் இரண்டாவது சிம்முக்கான இடத்தில் மெமரி கார்ட் இருந்தது. அதில் என் பாடங்கள். கடைசியில் பழைய சிம்மை ஒரு பட்டன் போனுக்கு மாற்றினோம். புதியது டேட்டாவுக்கு மட்டும். வட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடுவதால் மீன் வாங்குவோருக்கு எதுவும் தெரியாது. ரீலோட் போடாவிட்டால் எண் செயலிழந்துவிடும் என்பதால், உம்மா சந்தைக் கணக்கோடு இரண்டு ரீலோட்களையும் எழுதி வைக்கிறார். பட்டன் போன் ஜன்னலோரம் இருக்கிறது. அஸருக்குப் பிறகு அது அடித்தால் உம்மும்மாதான்.